வரப்பு அழிஞ்சா வயல் போயிடுமா?

ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டு ஃபோட்டோ எல்லாம் இப்போ எங்கே இருக்கு? அலமாரியில இருக்கிற ஆல்பத்தைக் கேட்கலை. அக்கா கல்யாணத்துல எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படம், தாத்தாவோட அறுபதாம் கல்யாண வீடியோ, எல்.கே.ஜி. மாறுவேஷப் போட்டியில நீங்க பாரதியார் மீசையோட அழுத க்ளிப்... 'ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருக்கும்'னுதானே சொல்லப் போறீங்க? அந்த 'ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்' பத்திதான் இப்போ பேசப் போறோம்.

எங்க வீட்டுல அதுக்குப் பேரே உண்டு. 'டப்பா'. கோவில்பட்டி பக்கம் ஒரு சின்ன ஊர். கீழே அப்பாவோட ஃபோட்டோ ஸ்டுடியோ, மாடியில வீடு. மாடிப்படிக்கு அடியில, செருப்பு ஸ்டாண்டுக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் நடுவுல ஒரு பழைய சி.பி.யூ. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. உள்ளே டெபியன் லினக்ஸும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்கும். அப்பா ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல ஃபோட்டோஷாப் திறந்து வேலை பார்த்தா, ஃபைல் எல்லாம் ஒயர் வழியா இந்த டப்பாவுக்கு வந்து சேரும். அம்மா டி.வி.யில பழைய படம் பார்க்கிறதும் இதுலேர்ந்துதான். ஹோம் சர்வர்னு சொன்னதும் ஏ.சி. ரூம், மினுக் மினுக் நீல விளக்குனு கற்பனை பண்ணிக்காதீங்க பாஸ். வீட்டுல எல்லாரும் திறக்கிற ஒரு பீரோ, அவ்வளவுதான்.

முதல் டிஸ்க் 1 டிபி. லினக்ஸ் இருக்கிறதும் அதுலதான், 2010-லேர்ந்து 2015 வரைக்கும் எங்க ஊரும் சுத்துப்பட்டும் பண்ணின கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் இருக்கிறதும் அதுலதான். ரெண்டாவது டிஸ்க் 2 டிபி. 2016-லேர்ந்து உள்ளதெல்லாம் அதுல.

2023 ஆடி மாசம். கல்யாண ஆர்டர் இல்லாத மாசம். ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வர்றவங்க மட்டும்தான் வருவாங்க. அப்படி ஒருநாள் பக்கத்து ஊர் அக்கா ஒருத்தங்க வந்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டினவர், அதுக்கு மூணு நாள் முன்னாடி ரோட்டுல இறந்துட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்கப் பெரிய படம் வேணும்.

நீங்க கவனிச்சிருக்கீங்களா? நம்ம ஊர்ல சுவர்ல மாலையோட மாட்டியிருக்கிற படங்கள்ல முக்காவாசி, ஏதோ ஒரு கல்யாணத்துல எடுத்ததுதான். தோள்ல இன்னொருத்தரோட கை அரைகுறையாத் தெரியும், பின்னாடி சீரியல் லைட் மங்கலா இருக்கும். ஸ்டுடியோக்காரர் அதை எல்லாம் அழிச்சு, நீல பேக்ரவுண்டு போட்டுக் கொடுப்பார். எங்க அப்பா இப்படி நூத்துக்கணக்குல பண்ணியிருக்கார்.

இந்த அக்கா கேட்டது அவங்களோட சொந்தக் கல்யாணப் படம். 2013 ஆவணி. "அண்ணாச்சி, ஆதார்ல, லைசென்ஸ்ல எல்லாத்துலயும் அவுக முறைச்சுக்கிட்டுத்தான் இருப்பாக. ரிசப்ஷன்ல ஒரு படத்துல மட்டும் பல்லு தெரியச் சிரிப்பாக. ஆல்பத்துக்கு செலக்ட் பண்ண வந்தப்ப, நல்லாயில்லைனு அவுகளே வேண்டாம்னுட்டாக. அது இருக்குமா?"

"நம்மகிட்ட எதுவும் போவாதும்மா. இருக்கும். நாளைக்கு வா"னு அப்பா சொல்லியிருக்கார்.

அவங்க படியிறங்கினதும் அப்பா ஃபோல்டரைத் திறக்க, ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நின்னிருக்கு. மாடிப்படிக்கு அடியிலேர்ந்து ஒரு சத்தம். டிக்... டிக்... டிக்... அப்புறம் கொஞ்சம் மௌனம். மறுபடி டிக்... டிக்... "ஏய்யா, டப்பாக்குள்ள பல்லி கத்துற மாதிரியே இருக்குய்யா"னு அப்பா பிற்பாடு சொன்னார். பல்லி எந்தத் திசையில சொன்னா என்ன பலன்னு காலண்டர்ல போட்டிருப்பாங்களே... ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேர்ந்து சொன்னா ஒரே பலன்தான்.

நான் அப்போ கோவையில செகண்ட் இயர். பிராக்டிகல் எக்ஸாம், ஃபோன் பைக்குள்ள. அப்பா நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டு, டப்பாவை ஸ்கூட்டர்ல முன்னாடி வெச்சு பஜார்ல ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டார். கடைப் பையன் ரெண்டு டிஸ்க்கையும் கழற்றி அவன் விண்டோஸ் மிஷின்ல மாட்டிப் பார்த்திருக்கான். முதல் டிஸ்க்கைப் பார்த்து, "டெட்டுண்ணே." ரெண்டாவதைப் பார்த்து, "இது நல்லாருக்கு, ஆனா காலியா இருக்கு. பழைய பார்ட்டிஷனை டெலிட் பண்ணிட்டேன். ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்தித் தந்துர்றேன்."

அப்பாவுக்கு பார்ட்டிஷன்னா என்னன்னே தெரியாது. ஆனா 'காலியா இருக்கு'ங்கிற வார்த்தை அவருக்கு இடிச்சிருக்கு. ஏழு வருஷம் போட்டு நிரப்பினது எப்படிக் காலியாகும்? "பையன் வரட்டும்பா. நீ ஒண்ணும் பண்ணாத"னு சொல்லி, ரெண்டு டிஸ்க்கையும் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்துட்டார். அந்த ஒரு வாக்கியத்தோட மதிப்பு 2 டிபி. சும்மா சொல்லலை, கீழே கணக்கு வருது.

ஒரே நாள்ல ரெண்டு டிஸ்க் போச்சு. ஆனா ரெண்டும் ஒரே மாதிரி சாவு இல்லை. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

முதல்ல பார்ட்டிஷன் போன டிஸ்க். எங்க ஊர்ப் பக்கத்துப் பாஷையிலயே சொல்றேன். ஹார்ட் டிஸ்க்ங்கிறது ஒரு பெரிய வயல். பார்ட்டிஷன் வரப்பு. 'இங்கேர்ந்து இது வரைக்கும் இன்ன பயிர்'னு எழுதி வெச்ச பட்டா ஒண்ணு உண்டு. பழைய முறையில அந்தப் பட்டா, டிஸ்க்கோட முதல் 512 பைட்டுக்குள்ள இருக்கும். அதுலயும் வரப்புக் கணக்கு எழுத ஒதுக்கினது வெறும் 64 பைட். ஒரு வரப்புக்கு 16 பைட், மொத்தம் நாலு வரப்பு. 2 டிபி வயலுக்கு 64 பைட் பட்டா! நீங்க அனுப்புற 'குட் மார்னிங்' மெசேஜ்ல ஒரு ரோஜாப்பூ படம் இருந்தா, அதுவே இதைவிடப் பல நூறு மடங்கு பெருசு.

கடைப் பையன் டெலிட் பண்ணினது அந்தப் பட்டாவுல ஒரு வரியைத்தான். தாலுகா ஆபீஸ்ல பட்டாவைக் கிழிச்சா, வயல்ல நிக்கிற நெல்லு காணாமப் போயிடுமா? அது பாட்டுக்கு நிக்கும். ஆனா 'யாருதுமில்லை'னு நினைச்சு ஒருத்தன் ட்ராக்டரை விட்டு உழுதுட்டா போச்சு. ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்துறதுங்கிறது அந்த ட்ராக்டர். அப்பா அதைத்தான் நிறுத்தினார்.

அப்போ காலியா ஏன் தெரிஞ்சது? விண்டோஸுக்கு லினக்ஸோட எக்ஸ்ட்-4 எழுத்து படிக்கத் தெரியாது. தெரியாததை எல்லாம் 'ரா'னு காட்டிட்டு, 'ஃபார்மட் பண்ணட்டுமா?'னு பவ்யமா வேற கேட்கும். தெலுங்குப் புத்தகத்தைப் பார்த்துட்டு 'இதுல ஒண்ணும் எழுதலையே'ங்கிற மாதிரி. அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனசு வரலை. கடைக்கு வர்றதுல நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது விண்டோஸ் மிஷின். ஆனாலும் அடுத்தவங்க டிஸ்க்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்கணும்ல?

ரெண்டாவது வகை சாவு நிஜமான சாவு. டிஸ்க்குக்குள்ள கண்ணாடி மாதிரி ஒரு தட்டு, பல டிஸ்க்ல நிமிஷத்துக்கு 7,200 சுத்து. அதாவது விநாடிக்கு 120. அதுக்கு மேல படிக்கிற தலை ஒண்ணு, தட்டைத் தொடாம, சில நானோமீட்டர் உயரத்துல பறந்துக்கிட்டு இருக்கும். நம்ம தலைமுடியோட தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். தலை பலவீனமாகி, தான் எங்கே இருக்கோம்னு தெரியாம தடுமாறி, திரும்பத் திரும்ப ஆரம்ப இடத்துக்கு ஓடுது பாருங்க... அந்த ஓட்டத்தோட சத்தம்தான் அப்பா கேட்ட பல்லி. ஓட விட ஓட விட, தட்டு கீறும். கீறின இடத்துல இருந்தது திரும்பாது. பட்டா கிழிஞ்சது இல்லை இது. வயலே எரியுது.

'முன்கூட்டியே தெரியாதா?'னு கேட்பீங்க. ஹார்ட் டிஸ்க்குக்குள்ளயே ஸ்மார்ட்னு ஒரு கண்காணிப்பு உண்டு. எத்தனை செக்டார் கெட்டுது, எவ்வளவு சூடுனு தானே குறிச்சு வைக்கும். மாசம் ஒரு தடவை நான் ஹாஸ்டல்லேர்ந்தே அதைப் பார்ப்பேன். ஜூலை மாசமும் பார்த்தேன். எல்லாம் சுத்தம், ஒரு எச்சரிக்கை கிடையாது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. தங்களோட லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனிச்சு எழுதினது. செத்த டிஸ்க்குகள்ல பாதிக்கு மேல, முக்கியமான நாலு ஸ்மார்ட் அறிகுறிகள்ல ஒண்ணைக்கூடக் காட்டாமலே செத்திருக்கு. காய்ச்சல் வந்தா ஆபத்துனு சொல்லலாம். காய்ச்சல் இல்லைங்கிறதால ஆபத்தில்லைனு சொல்ல முடியாது.

இன்னொரு காப்பியும் இருந்தது. 2015 வரைக்கும் அப்பா ஒவ்வொரு கல்யாணத்தையும் டிவிடியில எழுதி, பேரு போட்டு, பீரோவுல அடுக்கி வெச்சிருந்தார். எங்க ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாது. பத்து வருஷத்துல பல டிவிடி கண்ணாடி மாதிரி பளபளனு இருக்கு, ஆனா படிக்காது. அந்த அக்காவோட டிவிடியைத்தான் முதல்ல எடுத்துப் போட்டாராம். ட்ரே உள்ளே போச்சு, சுத்துச்சு, வெளியே வந்துடுச்சு.

பஸ்ல ராத்திரி பூரா ஃபோன்ல நண்பர்களோட ஆலோசனை மழை. "டிஸ்க்கை பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஃப்ரீஸர்ல வைடா மச்சி, எங்க அண்ணனுக்கு வொர்க் ஆச்சு." தயவுசெஞ்சு வேண்டாம். வெளியே எடுத்ததும் ஐஸ் வாட்டர் டம்ளர் வேர்க்கிற மாதிரி டிஸ்க்கும் உள்ளே வேர்க்கும். சில நானோமீட்டர் இடைவெளியில ஒரு சொட்டுத் தண்ணி போதாதா? இன்னொருத்தன், "ரெய்டு போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம்ல?" ரெய்டுங்கிறது 1987-ல பெர்க்லி பல்கலைக்கழகக்காரங்க பேர் வெச்ச முறை. ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணுல வேலை நிக்காம ஓடும். நல்லதுதான். ஆனா ஒருத்தர் தப்பா டெலிட் பண்ணினா, ரெண்டு டிஸ்க்லயும் சேர்த்து அதே விநாடியில டெலிட் ஆகும். அது ஸ்டெப்னி டயர். இன்ஷூரன்ஸ் இல்லை.

மதுரையில இறங்கி, கடை திறக்கிற வரைக்கும் காத்திருந்து, 4 டிபி புது டிஸ்க் ஒண்ணு வாங்கினேன். அம்மாவோட சீட்டுப் பணம். சென்னையில இருக்கிற ஒரு ரெக்கவரி லேபுக்கும் ஃபோன் போட்டுக் கேட்டோம். அவங்க தூசி இல்லாத ரூம்ல வெச்சு, தலையையே மாத்தி எடுப்பாங்க. சொன்ன தொகை ஐந்து இலக்கம், அதுவும் உத்தரவாதம் இல்லாம. உங்க டிஸ்க் சத்தம் மட்டும் போட்டு, கம்ப்யூட்டருக்கு அடையாளமே தெரியலைனா, அந்த லேப்தான் வழி. வீட்டுல திருப்புளியை எடுக்காதீங்க. எங்க டிஸ்க் அவ்வளவு மோசமில்லை. அஞ்சு தடவைக்கு மூணு தடவை தட்டுத் தடுமாறித் தன் பேரைச் சொன்னது. அதனால துணிஞ்சோம்.

வீட்டுக்கு வந்ததும் முதல்ல பார்ட்டிஷன் போன டிஸ்க்கை ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல மாட்டினேன். பென் டிரைவ்லேர்ந்து லினக்ஸை ஏத்தி, டெஸ்ட்டிஸ்க்னு ஒரு சாஃப்ட்வேரை ஓட விட்டேன். கிறிஸ்டோஃப் கிரெனியேங்கிற பிரெஞ்சுக்காரர் எழுதினது. இலவசம். கறுப்புத் திரையில வெறும் எழுத்து, பார்க்க 1990-கள்ல வந்த மாதிரி இருக்கும். ஆனா வேலைக்காரன்! வி.ஏ.ஓ. சங்கிலி பிடிச்சு வயலை அளக்கிற மாதிரி டிஸ்க் பூரா நடந்து போகும். எக்ஸ்ட்-4 தன்னோட முகவரியை ஒரு இடத்துல மட்டும் எழுதி வைக்காது, நடுநடுவே பல இடத்துல நகல் வெச்சிருக்கும். அந்தக் கல்லுகளைக் கண்டுபிடிச்சு, 'இங்கே ஒரு வரப்பு இருந்திருக்கு'னு டெஸ்ட்டிஸ்க் கணக்குச் சொல்லும்.

அரை மணி நேரத்துல ஒரு பச்சை வரி வந்தது. ஃபைல் லிஸ்ட்டைக் காட்டச் சொன்னேன். 2016, 2017, 2018... அப்பா எனக்குப் பின்னாடி நின்னு ஒவ்வொரு ஃபோல்டர் பேரையும் வாய்விட்டுப் படிச்சார். மண்டபத்துப் பேரு, மாப்பிள்ளை பேரு, தேதி. எல்லாம் இருந்தது. ஒண்ணு விடாம.

இங்கே ஒரு விஷயம் குறிச்சு வைச்சுக்குங்க. இது சுத்துற ஹார்ட் டிஸ்க்ங்கிறதால நடந்தது. உங்க லேப்டாப்புல இருக்கிறது பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.யா இருக்கும். அதுல டெலிட் பண்ணினதும் 'இந்த இடம் இனி தேவையில்லை'னு ட்ரிம்னு ஒரு கட்டளை போகும். டிஸ்க் தானே பின்னாடி உட்கார்ந்து துடைச்சு வெச்சிடும். பட்டாவைக் கிழிச்சதும் ட்ராக்டர் தானா வர்ற ஏற்பாடு. அங்கே இந்தக் கதை வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

பச்சை வரியைப் பார்த்தும் அதை உடனே டிஸ்க்ல எழுத விடலை. பார்த்தாச்சு, இருக்கு, போதும். அணைச்சு மேலே வெச்சுட்டு, சாகக் கிடக்கிறதுக்குத் திரும்பினேன். காரியத்துக்கு இன்னும் பதினோரு நாள்.

சாகக் கிடக்கிற டிஸ்க்கிட்டேர்ந்து ஃபைலைத் தேடக் கூடாது. ஃபோல்டரைத் திறந்து, படத்தைத் திறந்து பார்க்கிறதெல்லாம் அதை ஓட ஓட விரட்டுற வேலை. மொத்த டிஸ்க்கையும் அப்படியே, முதல் செக்டார்லேர்ந்து கடைசி வரைக்கும், இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கணும். அதுக்கு குனு டிடி-ரெஸ்க்யூனு ஒண்ணு இருக்கு. அந்தோனியோ தியாஸ் எழுதினது, இதுவும் இலவசம். இதோட புத்திசாலித்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் சுத்துல சுலபமாப் படிக்கிறதை மட்டும் அள்ளும். ஒரு இடம் முரண்டு பிடிச்சா, அங்கே நின்னு மல்லுக்கட்டாது, தாண்டிப் போயிடும். எதைப் படிச்சோம், எதை விட்டோம்னு ஒரு வரைபடம் வெச்சுக்கும். கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். எல்லா நல்ல இடமும் கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான், மோசமான இடங்களுக்குத் திரும்பிப் போய், ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டும். எக்ஸாம் ஹால்ல தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுதுனு நம்ம சார் சொல்வாரே, அதேதான்.

நல்ல டிஸ்க்கா இருந்தா 1 டிபி மூணு, நாலு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். எங்களுக்கு நாலு நாள். டேபிள் ஃபேனை டிஸ்க் மேல திருப்பி வெச்சோம். அம்மா ராத்திரி எழுந்து தண்ணி குடிக்கும்போதெல்லாம் கீழே வந்து, "இன்னும் கத்துதா?"னு கேட்டுட்டுப் போவாங்க. ரெண்டு தடவை டிஸ்க் மூச்சை நிறுத்தியே விட்டுது. அணைச்சு, ஆற விட்டு, மறுபடி போட்டா எழுந்தது. நாலாம் நாள் சாயங்காலம் மூணாவது தடவை நின்னது. அதுக்கு அப்புறம் எழவே இல்லை.

படிக்காம விட்டது கிட்டத்தட்ட 8 ஜிபி. 1,000-ல் 8. கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா அந்த 8 ஒரே இடத்துல இல்லை. டிஸ்க் பூரா அம்மைத் தழும்பு மாதிரி. நகலைப் 'படிக்க மட்டும்'ங்கிற முறையில திறந்தேன். பெரும்பாலான கல்யாணம் நல்லா வந்தது. சில ஃபோல்டரைத் தொட்டா பிழைச் செய்தி. 2013 ஆவணி அதுல ஒண்ணு. ஃபோல்டரோட பேரேடு எழுதியிருந்த இடமே தழும்புல போயிருக்கு.

அப்போதான் கடைசி ஆயுதம். டெஸ்ட்டிஸ்க்கோடவே வர்ற ஃபோட்டோரெக். இது வரப்பு, பட்டா எதையும் பார்க்காது. ஜே.பி.ஜி. படம் ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி மூணு பைட்டுலதான் ஆரம்பிக்கும். அந்த ஆரம்பத்தைத் தேடித் தேடி, அங்கேர்ந்து படத்தை உருவி எடுக்கும். ஒரே குறை, பேரு இருக்காது. அப்பா பத்து வருஷமா எழுதி வெச்ச பேரெல்லாம் போய், வெறும் நம்பர் போட்ட படமா 40,000-க்கு மேல கொட்டுச்சு.

நல்லவேளை, ஒவ்வொரு படத்துக்குள்ளயும் கேமரா எழுதின தேதி இருக்கு. எக்ஸிஃப்னு சொல்வாங்க. அதை வெச்சுத் தேதி வாரியாப் பிரிச்சேன். ஆனா ஆவணி முகூர்த்தத்துல ஒரே நாள்ல அப்பா ரெண்டு கல்யாணம், அவர்கிட்ட வேலை பார்த்த அண்ணன் ஒண்ணு எடுத்திருக்காங்க. போதாததுக்கு அண்ணன் கேமராவுல தேதியே தப்பு. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது நம்ம மண்டபம் இல்லை, கர்ட்டன் வேற... இது மாப்பிள்ளை வீட்டுல எடுத்தது... இந்தக் குத்துவிளக்கு அந்தப் பெரிய மண்டபத்து விளக்கு..." மனுஷன் பத்து வருஷம் முந்தின ஸ்டேஜ் டெக்கரேஷனைப் பார்த்துக் கல்யாணத்தைப் பிரிக்கிறார்! நான் படிச்ச எந்த சாஃப்ட்வேரும் இதைச் செய்யாது. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவும் வந்து உட்கார்ந்தாங்க. அவங்க புடவையை வெச்சு அடையாளம் சொன்னாங்க.

கிடைச்சது. சிரிக்கிறார். மேல் பல்லு நாலு நல்லாத் தெரியுது, கண்ணு ரெண்டும் சுருங்கி இருக்கு. கழுத்து, சட்டைக் காலர், மாலையோட மேல் பாதி. அதுக்குக் கீழே ஒண்ணுமில்லை. ஒரே சாம்பல் நிறம். ஜே.பி.ஜி. படம் மேலேர்ந்து கீழே வரி வரியாத்தான் பதிவாகும். பாதியில தழும்பு வந்தா, அதுக்கு மேல உள்ளது பிழைச்சுக்கும். கீழே உள்ளது கலைஞ்சிடும், இல்லை சாம்பலாயிடும். படத்துல அந்த அக்காவும் இருந்தாங்க. அவங்க உயரம் கம்மி. நெத்திச்சுட்டி வரைக்கும் தெரிஞ்சது.

மாலை போட்டு வைக்கிற படத்துக்கு மார்பு வரைக்கும் போதும். மாலையோட கீழ்ப்பாதியை அப்பா வேற படத்துலேர்ந்து எடுத்து ஒட்டினார். காரியத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்த அக்கா வந்து வாங்கிட்டுப் போனாங்க. பார்த்துட்டு, "இதைத்தான் வேண்டாம்னாக"னு மட்டும் சொன்னாங்க. அப்பா காசு வாங்கலை. ஃபிரேமுக்கு மட்டுமாவது எடுத்துக்குங்கனு அவங்க டேபிள் மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க.

அதுக்கு அப்புறம் ரெண்டாவது டிஸ்க்ல இருந்ததை எல்லாம் புது டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, எண்ணிப் பார்த்து, அப்புறம்தான் டெஸ்ட்டிஸ்க்கிட்ட 'எழுது'னு சொன்னேன். வரப்பு பழைய இடத்துலயே வந்து உட்கார்ந்தது.

இப்போ ஏற்பாடு எப்படின்னு கேட்பீங்க. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலமாக்கின '3-2-1'னு ஒரு கணக்கு உண்டு. மூணு காப்பி, ரெண்டு வகைச் சாதனத்துல, ஒண்ணு வேற ஊர்ல. இந்த 'வேற ஊர்' எவ்வளவு முக்கியம்னு பிக்ஸார்காரங்களைக் கேட்கணும். 1998-ல 'டாய் ஸ்டோரி 2' எடுத்துக்கிட்டு இருந்தப்ப, யாரோ கொடுத்த ஒரு கட்டளையில படத்தோட பெரும்பகுதி ஃபைல் அழிஞ்சுபோச்சு. பேக்கப்பைப் பார்த்தா, அதுவும் சரியா வேலை செய்யலை. கேலின் சூஸ்மன்ங்கிற அம்மா கைக்குழந்தையோட வீட்டுலேர்ந்து வேலை பார்த்துக்கிட்டு இருந்ததால, அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில சுத்தி, குழந்தையைத் தூக்குற மாதிரி காரில் கொண்டு வந்தாங்களாம். எங்க அப்பாவோட துண்டு நினைவுக்கு வந்ததுனு சொன்னா சிரிக்காதீங்க.

எங்களுக்கு வேற ஊர்னா சாத்தூர் அத்தை வீடு. ரெண்டு டிஸ்க்கை மாத்தி மாத்தி வைக்கிறோம். மாசம் ஒரு தடவை அப்பா ஒண்ணைக் கொண்டுபோய் வெச்சுட்டு, இன்னொண்ணையும் அரைக் கிலோ சேவையும் எடுத்துக்கிட்டு வருவார். சேவுக்காகவாவது பேக்கப் தவறாம நடக்குது. க்ளவுட்ல போடலாமேன்னா, 3 டிபியை ஏத்தி, மாசா மாசம் வாடகை கட்டுறது எங்க ஸ்டுடியோ வருமானத்துக்கு ஒத்து வராது. உங்களுக்கு இருக்கிறது 50 ஜிபிதான்னா, யோசிக்கவே வேண்டாம், போட்டுடுங்க.

கடைசி வரைக்கும் திரும்பாதது ஒன்பது கல்யாணம். பேரு, தேதி, ஃபோன் நம்பரை அப்பா ஒரு நோட்டுல எழுதி வெச்சார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் போட்டு, "உங்க ஆல்பத்தை ரெண்டு நாளைக்குக் குடுங்க, ஸ்கேன் பண்ணிட்டுத் தந்துர்றேன்"னு கேட்டார். ஆல்பத்துல நாப்பது பக்கம் இருக்கும், நூறு, நூத்தம்பது படம். மிச்சம் ஆயிரம் படம் போனது போனதுதான். கண்ணை மூடினது, பல்லு தெரிஞ்சது, பந்தியில இலைக்குக் குனிஞ்சது, ஆல்பத்துக்கு வேண்டாம்னு சொன்னது எல்லாம் அந்த ஆயிரத்துல இருந்தது.

நாலு வீட்டுல உடனே கொடுத்துட்டாங்க. ஒரு வீட்டுல ஆல்பத்தை வெளியே விட மாட்டோம், வேணும்னா வந்து எடுத்துக்குங்கனு சொல்லிட்டாங்க. அப்பா கேமராவும் ரெண்டு லைட்டும் தூக்கிக்கிட்டுப் போய், அவங்க வீட்டுத் திண்ணையிலயே ஒவ்வொரு பக்கமா எடுத்துட்டு வந்தார். மதியச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினாங்களாம். நாலு வீடு இன்னும் பாக்கி. அதுல ஒரு குடும்பம் திருப்பூருக்குக் குடிபோயிடுச்சு. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது கொண்டு வர்றதாச் சொல்லியிருக்காங்க.